வயிற்றில் வார்த்த பால்

மழையில் மருமகன் இன்னும் வீடு வரவில்லை, போனும் அணைந்து கிடந்தது. அவர் நண்பன் கூப்பிட்டு, வாஷி ஸ்டேஷனில் பார்த்தேன், பத்திரமாக இருக்கிறார் என்றான். "பச்சா லியா பாய்!" என்று மகள் சோபாவில் சரிந்தாள். காப்பாற்றினாய் என்பதை இவர்கள் இந்தியில்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பேச்சு இருந்தது.

தாராவியில் இதே மாதிரி ஒரு மழை. அம்மா ஈரச் சாக்கில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன அப்பாவைப் பற்றித் தகவல் வராமல் அவள் அடுப்பு மூட்டமாட்டாள். எங்களுக்கோ பசி. சைக்கிளில் இட்லி விற்கும் பக்கத்து வீட்டுப் பிச்சையா மாமா தேடப் போய், பொழுது சாயும்போது நனைந்து திரும்பினார்.

"அண்ணாச்சிய குர்லா பிரிட்ஜுல பாத்தேன் மைனி. தண்ணி வடிஞ்சதும் வருவாவ. அடுப்பப் பத்த வைங்க."

"எய்யா, வயித்துல பால வார்த்தீரு" என்றாள் அம்மா. மண்ணெண்ணெய் வாடையோடு அன்று சோறு கொதித்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

காலையில் அப்பா வந்தார். "குர்லாவா? நான் காட்கோபர் பட்டறையிலல்லா கெடந்தேன். பிச்சையாவப் பாக்கவே இல்லியே."

அம்மா டீ போட்டாள். வெளியே இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் டீயை நீட்டினாள். "வயித்துல பால வார்த்தீரு" என்று மறுபடியும் சொன்னாள்.

"அம்மா, அந்த ஃப்ரெண்ட் நிஜமாவே அவரப் பாத்திருப்பானா?" மகள் திடீரென்று கேட்டாள்.

நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.