களாம் அக்கா

தோமிதிலா ஆட்களைத் தலையால் எண்ணுவதில்லை, தொப்பியால் எண்ணுவாள். காலையில் மலை நகரமான குஸ்கோவின் சதுக்கத்தில் ஒரு கால் தரையிலும் ஒரு கால் வேன் படியிலுமாக நின்றுகொண்டு, “மஞ்சள் ஒண்ணு, வைக்கோல் ரெண்டு, காது மூடுற குல்லா ஒண்ணு” என்று முணுமுணுத்தபடியே சுற்றுலாப் பயணிகளை உள்ளே ஏற்றுவாள். வெறுந்தலையோடு வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. “இந்த வெயிலு மண்டையப் பொளந்துரும், அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது” என்று பயமுறுத்தி, மூலைக் கடையில் ஒரு தொப்பி வாங்க வைத்த பிறகுதான் விடுவாள்.

இந்தக் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. ஒருநாள் சிஞ்செரோவில் இன்கா காலத்துச் சுவர்களைச் சுற்றிக் காட்டிவிட்டு எண்ணிப் பார்த்தால் வைக்கோல் தொப்பி ஒன்றைக் காணவில்லை. தோமிதிலா சுவர் சுவராக ஏறி இறங்கினாள். கோயில் மணியடிப்பவரை எழுப்பினாள். நெசவுக்காரப் பெண்கள் நூலைப் போட்டுவிட்டுத் தேட வந்தார்கள். ஆள் வேனுக்குள்ளேயே, அவர்களிடம் வாங்கிய புதுக் குல்லாவை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். “தொப்பிய மாத்துனா சொல்ல வேண்டாமா, மனுசா!” என்று அவரைத்தான் கடிந்துகொண்டாளே தவிர, எண்ணும் முறையை மாற்றவில்லை.

இரட்டைப் பின்னல், கம்பெனியின் நீலக் கோட்டு, அதற்குக் கீழே விட்டுக்கொடுக்காத ஊர்ப் பாவாடை. பாவாடை மடிப்பில் மலைப்புதினா. மேட்டில் ஏற முடியாமல் யாராவது மூச்சு வாங்கினால் நாலு இலையைக் கசக்கி மூக்கடியில் நீட்டுவாள். “மெதுவா வாங்கய்யா. இவ்வளவு வருசம் நின்ன கல்லு, நீங்க வர்றதுக்குள்ளயா எந்திரிச்சுப் போயிரப் போகுது?”

கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால்தான் அவளுடைய தொல்லையும் ஆரம்பிக்கும். மொராயில் வட்ட வட்டமாகக் கீழே இறங்கும் படிவயல்களின் விளிம்பில் நின்று சொல்வாள்: “இங்க வச்சு வெதைகளப் பழக்குனாங்களாம். படிச்சவங்க சொல்றது. மழைய வேண்டிக் கும்புட்டாங்களாம். எங்க ஊருல சொல்றது.” ஒல்லான்தாய்தம்போவில், கோட்டைக்கு இழுத்து வரும் வழியிலேயே கிடந்துவிட்ட பெரிய கற்களைக் காட்டி, “அசந்துபோயிப் படுத்துக்கிச்சாம்” என்பாள். அரசர் வந்தாராம், படை எடுத்தாராம், ஜெயித்தாராம். நாள் முழுக்க ஆம், ஆம், ஆம்.

மலையூர்களின் கெச்சுவாப் பேச்சில் கண்ணால் கண்டதற்கு ஒரு விகுதி, காதால் கேட்டதற்கு வேறொரு விகுதி. ஸ்பானிஷ் பேசும்போதும் இந்தப் பழக்கம் நாக்கை விட்டுப் போகாது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நம் வாயிலும் அதே ‘ஆம்’ இருக்கிறது. கடற்கரை நகரங்களிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் புரிவதில்லை. எங்கே பிறந்தீர்கள் என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, “லமாய்க்கு மேல, சோளம் அறுக்குற காலத்துல பொறந்தேனாம்” என்றாள். வேனே சிரித்தது.

“என்னம்மா, பொறந்ததுலயே சந்தேகமா?”

“நான் அங்கதான் இருந்தேன். ஆனா கண்ணு தொறக்கலையே!”

தான் பார்த்ததைச் சொல்லும்போது அவள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். உறைபனி இரவில் உருளைக்கிழங்கைப் பரப்பி வைத்துக் காலையில் மிதித்து நீரைப் பிழிந்து உலர்த்துவதையும், ஆலங்கட்டி மழை ஒரே மத்தியானத்தில் பயறு வயலை அழிப்பதையும் அடித்துப் பேசுவாள். அங்கே ஆமுக்கு வேலையே இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தவர்கள், அவள் ஆம் போடாமல் சொல்லும் எதையும் அப்படியே நம்பலாம் என்பார்கள். ஓட்டுநர் வில்பெர் அந்த அளவுக்கெல்லாம் யோசிக்கிறவன் இல்லை. கட்டினாங்களாம், வெட்டினாங்களாம் என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் ‘களாம் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டான். இப்போது மற்ற வேன்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மே மாதம் கம்பெனி முதலாளியம்மா மர்லேனி அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். மர்லேனியின் தாய்வழியும் மலையூர்தான் என்றாலும் ஆபீஸில் அந்தப் பேச்சு அவள் வாயில் வராது. கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பயணிகள் போட்ட குறைகளைப் படித்துக் காட்டினாள். எங்கள் கைடுக்கு எதுவுமே நிச்சயமாகத் தெரியவில்லை என்று ஒருவர். எல்லாம் வதந்தி மாதிரி சொல்கிறார் என்று இன்னொருவர்.

“தோமி, நீங்க நல்ல மாதிரி. வேலைய விட்டு அனுப்பப் போறதில்ல. ஆனா ஜூன் திருவிழாவுக்கு உலகமே வருது. பள்ளத்தாக்கு வேனுக்கு வேற ஆளப் போட்டுட்டு உங்கள டவுனுக்குள்ள மாத்திர்றேன். கோயில், மியூசியம். நிழல்லயே வேலை.”

“டவுன் வேண்டாம்மா.”

“எல்லாரும் கெஞ்சிக் கேக்குற வேலை அது!”

“எனக்கு வேன் போதும்.”

“அப்ப அந்த ‘ஆம்’ போடுறத விடுங்க. வியாழக்கிழமை நானே வர்றேன். ஒரு ஆம் காதுல விழுந்தாலும் டவுன்தான்.”

அவள் ஏன் டவுன் வேண்டாம் என்றாள் என்பது வில்பெருக்குத் தெரியும். மாலையில் பிசாக் நோக்கித் திரும்பும்போது, லமாய்க்கு முன்னால் சாலை ஆற்றை ஒட்டி வளைகிற இடத்தில் மணல் அள்ளுவார்கள். அவளுடைய கணவன் எவரிஸ்தோவும் அங்கே அள்ளியவன்தான். ஒரு பிப்ரவரி வெள்ளத்தில் ஆறு கரையோடு சேர்த்து அவனையும் கொண்டுபோயிற்று. மூன்று ஊர் தாண்டி ஒரு நாணல் புதரில் தொப்பி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. கொழுந்தன்மார் தொப்பியைச் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். ஐந்தாம் நாள் செத்தவரின் துணிகளை ஆற்றில் துவைக்கும் சடங்குக்குக் கேட்டபோது, தோமிதிலா ஒரு சட்டையைக்கூடக் கொடுக்கவில்லை. அவை இன்னும் மடித்தபடியே அவள் வீட்டுத் துணிப்பெட்டியில் இருக்கின்றன. ஊர் முழுக்க எவரிஸ்தோ செத்துவிட்டான் என்கிறது. அவள் மட்டும் “செத்துட்டாராம்” என்கிறாள். வருடங்கள் போயும் அந்த ஆம் போகவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் அவள் கைடு தேர்வு எழுதினாள். அந்த வளைவு வந்ததும் வில்பெர் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பான். அவள் எழுந்து ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டு வெளியே பார்ப்பாள். உதடு மட்டும் அசையும். ஜெபம் செய்கிறாள் என்று வில்பெர் நினைத்துக்கொள்வான். கேட்டதில்லை.

ஆகவே வியாழனுக்கு வழி சொன்னவனும் அவன்தான். “அக்கா, மைக்குல பொத்தான் இருக்குல்ல? ‘கட்டினாங்க’ன்னு சொல்லு, பட்டுனு பொத்தான விடு, மிச்சத்த உனக்குள்ள சொல்லிக்க. ஆமும் சொன்ன மாதிரி ஆச்சு, வேலையும் நெலச்ச மாதிரி ஆச்சு.”

“அது பொய்யில்லையாடா?”

“நீதான் சொல்லிர்றியே! அவங்க காதுல விழலைன்னா அது உன் தப்பா?”

தோமிதிலா யோசித்துப் பார்த்தாள். சரியென்றுதான் பட்டது.

வியாழக்கிழமை மர்லேனி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், அரேகிபாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மஞ்சள் தொப்பி. எதையும் இரண்டு தடவை கேட்கிற ஜாதி. சிஞ்செரோவில் தோமிதிலா மைக்கை வாயருகே பிடித்து, “இந்தச் சுவர இன்கா ராஜா கட்டுனாரு” என்றாள். டக். உதடு மட்டும் ‘ஆம்’ என்றது. மொராயில் டக், ஒல்லான்தாய்தம்போவில் டக் டக். ஒரே ஒரு தடவை கட்டைவிரல் தாமதமாகி ஒரு ‘ம்’ வெளியே வந்துவிட்டது. மர்லேனி தலையைத் திருப்பினாள். தோமிதிலா அதை இருமலாக்கி, புதினா இலையைக் கசக்கி மோந்து, பாவமாக ஒரு முகம் காட்டினாள். வில்பெர் சிரிப்பை அடக்க ஹாரனை அழுத்தினான், சாலையில் நாய்கூட இல்லை.

உருபம்பாவில் மத்தியானச் சாப்பாட்டின்போது மர்லேனி சோளச் சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு மனம்விட்டுப் பாராட்டினாள். “பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்கு! ஜூன் முழுக்க நீங்கதான். எழுதி வச்சுக்கங்க.” தோமிதிலா தலையாட்டினாள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் காலையிலிருந்து அடுத்தவர் பொருளை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற மாதிரி ஒரு கூச்சம் அவளை விடவில்லை.

பிசாக் ஒன்றுதான் மிச்சம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வளைவு வந்ததும் வில்பெரின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போயிற்று.

“ஏன்ப்பா உருட்டுற? பிசாக்குல கதவச் சாத்திருவாங்க” என்றாள் மர்லேனி. அவன் மறுபடி வேகம் கூட்டினான். தோமிதிலா அதற்குள் எழுந்து ஜன்னலருகே நின்றுவிட்டாள்.

“அங்க என்னம்மா இருக்கு? எங்களுக்கும் சொல்லுங்க” என்றார் மஞ்சள் தொப்பி.

அவள் மைக்கை எடுத்தாள். “மணல் அள்ளுற எடம்.”

“வெறும் மணலுக்கா எந்திரிச்சு நின்னீங்க?”

“என் வீட்டுக்காரரு அங்க வேலை பாத்தாரு.”

“இப்ப?”

எல்லோரும் நாளெல்லாம் கேட்ட அதே ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. “ஒரு பிப்ரவரி வெள்ளத்துல செத்துப்போயிட்டாரு” என்றாள். இப்போது விரலை எடுக்க வேண்டும். நாள் முழுக்க அரசர்களுக்கும் கற்களுக்கும் எடுத்த விரல்தான். அது எழவில்லை. தன் குரலில் தானே சொன்ன அந்த வார்த்தை வேனுக்குள் நிற்பதை அவள் கேட்டாள். தாங்க முடியாமல் இருந்தது.

“செத்துப்போயிட்டாராம்” என்றாள். பின் சீட்டு வரைக்கும் கேட்டது.

வில்பெர் கண்ணை மூடித் திறந்தான். மஞ்சள் தொப்பி சும்மா விடவில்லை. “போயிட்டாராமா? உங்களுக்கே நிச்சயமாத் தெரியாதா?”

“பொதச்சது தொப்பிய. அத நான் பாத்தேன்.” அவள் மைக்கை இறக்கவில்லை. “ஆள நான் பாக்கலையே, ஐயா.”

மர்லேனி முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓட்டுநர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். அது ஸ்பானிஷ் இல்லை. அவள் வாயில் வில்பெர் கெச்சுவா கேட்டது அதுதான் முதல் தடவை.

“மெதுவாப் போ தம்பி. பிசாக் எங்கயும் போகாது.”

வேன் ஊர்ந்தது. தோமிதிலா மைக்கைச் சீட்டில் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். கீழே மணல் மேட்டில் மாலை வேலைக்காரர்கள் குனிந்து நின்றார்கள். அவள் உதடு அசைந்தது. பழுப்பு ஒண்ணு, சாம்பல் ரெண்டு, விளிம்பு கிழிஞ்சது ஒண்ணு என்று தொப்பிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கு நடுவில் வெறுந்தலை ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள்.