ஜோஸ்பின் அக்காவின் கார்பன் கம்பி

ஜோஸ்பின் அக்கா போய்விட்டார் என்று அவர் தம்பி முத்தியால்பேட்டையிலிருந்து போன் செய்தபோது, அக்கா கடைசியாகச் செய்து வைத்த கறுப்புத் தூளைத்தான் ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டிருந்தேன். திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு நல்ல முடிவு எங்களுக்கு வந்ததே இல்லை. அழுகையோடு ஒரு பயமும் வந்தது.

அந்தப் பயம் அவரிடமிருந்து ஒட்டியது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்குப் பிளாட்டினம் வேண்டும். அதன் விலையோ யானை விலை. இரும்பையும் கோபால்ட்டையும் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக்கி அந்த வேலையை வாங்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஆனால், "நல்ல ரிசல்ட் வந்தாதான்டி எனக்குக் கைகால் ஒதறுது" என்பார்.

உதறக் காரணம் உண்டு. ஒருமுறை கோடு இப்படித்தான் ஏறியது. கேக் வெட்டப் போன நேரத்தில் நான் கேட்டேன்: "அக்கா, எதிர்முனைல பிளாட்டினக் கம்பியா போட்டீங்க?"

கத்தி அப்படியே நின்றது. அந்தக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எங்கள் தூளில் ஒட்டியிருந்தது. வேலை செய்தது அதுதான், எங்கள் இரும்பு இல்லை. மாதக்கணக்கான உழைப்பு பாழ். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ, "மெர்சிடி" என்றார். தப்பைக் காட்டினால் இப்படிப் பிரெஞ்சில் நன்றி சொல்வது அவர் வழக்கம். அன்றிலிருந்து, பிளாட்டினத்துக்குப் பதிலாக மாட்ட, தன் மேஜை டிராயரில் ஒரு கார்பன் கம்பி வைத்திருந்தார்.

இப்போது இரங்கல் கூட்டத்தில் இந்தக் கடைசி முடிவை அறிவிக்கலாம் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். "அக்கா பேரு நிக்கும்ல?" என்று தம்பி ஆசையாகக் கேட்டார். எனக்கு அந்தப் பழைய கம்பி நினைவுக்கு வந்தது. கலத்தைத் திறந்து பார்த்தேன். ஆய்வகத்துக் கார்பன் கம்பி ஒடிந்திருக்கிறது. யாரோ பிளாட்டினத்தை மாட்டியிருக்கிறார்கள்.

மிச்சமிருந்த தூளைப் புதிதாக எடுத்து, அக்காவின் டிராயரிலிருந்த கம்பியை மாட்டினேன். ஏறு, ஏறு என்று வாய்விட்டே கெஞ்சினேன். கோடு ஏறவில்லை.

தம்பியிடம் சொன்னேன். "சரிக்கா, அப்போ சொல்ல வேணாம்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தக் கம்பி இப்போது என் டிராயரில் இருக்கிறது. நல்ல முடிவு வந்தால் எனக்கும் கைகால் உதறுகிறது. அவரது கடைசித் தூளின் முடிவிலும் தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். மெர்சி சொல்லத்தான் ஆள் இல்லை.