மஞ்சள் வைத்த எஸ்.டி.பி.எம். புத்தகம்

பல்கலைக்கழகம் போக எழுதும் எஸ்.டி.பி.எம். சோதனைக்கான என் பயிற்சிப் புத்தகத்தைக் கொடுக்கப்போவதாகப் போன வாரம் இந்தக் குழுவில் போட்டிருந்தேன் அல்லவா? இன்று காலை தெப்ராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள்.

அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சளைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பாஸான பிள்ளைகிட்ட வாங்கினா ராசின்னு சொல்வாங்க. நீ எந்த யுனிவர்சிட்டி மா?"

மகள் அதற்குள் புரட்டிவிட்டாள். "அக்கா, அறுபதாம் பக்கத்துக்கு மேல ஒண்ணுமே எழுதலையே?"

பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

"நான் சோதனையே எழுதல ஆன்ட்டி. அந்த வாரம் அப்பா தவறிட்டாங்க. அப்புறம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. பிறகு மகளிடமிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கி மேசையிலேயே வைத்தார்.

"கோவிச்சுக்காத மா. இவளுக்கு அடுத்த மாசம் சோதனை."

கோபமெல்லாம் இல்லை. எனக்கு மஞ்சள் வைத்துக் கொடுத்த என் அம்மாவும் இதைத்தான் செய்திருப்பார்.

ஆகவே, புத்தகம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அறுபதாம் பக்கத்துக்கு மேல் புத்தம் புதியது. ராசி பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.