திருகாணி சொன்ன வயது

பழைய ரிவால்வர்களின் வயதை அவற்றின் பாகங்களைப் பார்த்துச் சொல்வேன். லண்டன் ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் ஷிப்ட், மிச்ச நேரத்தில் இந்த வேலை. சேகரிப்பவர்கள் படம் அனுப்புவார்கள், நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பேன். துவக்கு, துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் ஒரு விசரி, பைத்தியக்காரி. இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கம்பனி எந்தக் கொக்கியை எப்போது மாற்றியது என்று சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

கிங்ஸ்பரியில் இருக்கிற ஒரு அண்ணை என் எழுத்தை நம்பித்தான் ஒரு ரிவால்வரை வாங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்பவர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் கழற்றிப் பூட்டாமல் விடமாட்டார். அதைச் செய்த கம்பனி முதலில் செய்தவற்றில், குண்டு போடும் உருளையின் நடுக்கம்பியை முன்பக்கமிருந்து ஒரு திருகாணி பிடித்திருக்கும். பிறகு அதை விட்டுவிட்டு, பக்கத்தில் அழுத்தினால் திறக்கிற வில்லுக்கொக்கி வைத்தார்கள். வாங்குமுன் அண்ணை அனுப்பிய படத்தில் திருகாணி பளிச்சென்று தெரிந்தது. முந்தைய அமைப்பேதான் என்று உறுதியாக எழுதினேன். அந்த முந்தைய வகையை இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் அலங்காரத்துக்கு வைத்திருக்கலாம். பிந்தைய வகை என்றால் ஜெயில்.

போன மாதம் அவர் வீட்டில் களவு போனது. அவரே பொலிஸைக் கூப்பிட்டார். கள்ளன் கண்ணில் படாத ரிவால்வரையும் என் கடிதத்தையும் அவரே பெருமையாக எடுத்துக் காட்டினார். வந்தவர்கள் இரண்டையும் கொண்டுபோனார்கள்.

பொலிஸ் தரப்பு நிபுணர் அது பிந்தைய வகை என்று அறிக்கை கொடுத்தார். அண்ணையின் வழக்கறிஞர் அதை எனக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு எழுதித் தரச் சொன்னார். பழையது என்று நம்பி வாங்கியதாகச் சொன்னால் எடுபடாதாம். துவக்கு உண்மையிலேயே பழையதாக இருக்க வேண்டுமாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் இவர், எனக்குப் பாடம் எடுக்க? ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு அண்ணை முதலில் அனுப்பிய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பெருப்பித்தேன். ஐந்தாவது படத்தில், வில்லுக்கொக்கி இருக்க வேண்டிய இடத்தில், இரும்பின் நிறம் ஒரு வட்டமாக மாறியிருந்தது. மறுபக்கத்திலும் அப்படியே. கொக்கியைக் கழற்றி, துளையை அடைத்து மினுக்கி, முன்பக்கம் புதிதாகத் துளையிட்டுத் திருகாணி போட்டிருக்கிறார்கள். முந்தைய வகைக்கு மவுசு கூட. அதற்காக யாரோ செய்த திருகுதாளம். படம் அன்றைக்கும் என்னிடம்தான் இருந்தது. திருகாணியைக் கண்டதும் மற்றப் பக்கம் பார்க்காமல் விட்டது நான்.

இரண்டு நாள் மறுப்பு எழுத உட்கார்ந்தேன். மாறுகிற காலத்தில் பழைய பாகமும் புதிய பாகமும் கலந்து கம்பனியே சில செய்ததுண்டு. இதுவும் அப்படி என்று எழுதலாமா? மூன்று வரி எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன். கடவுளே, அந்த வட்டம் மட்டும் இல்லாதிருந்தால் என்று வாய்விட்டே அழுதேன். கம்பனி தான் போட்ட துளையைத் தானே அடைக்காது.

வியாழன் மத்தியானம் அண்ணையும் மனைவியும் வந்தார்கள்.

"எழுதிப் போட்டியளோ, தங்கச்சி?"

"ஏலாது அண்ணை. அது பிந்தினதுதான். என்ரை பிழை."

"இன்னொருக்கா வடிவாப் பாருங்கோவன்," என்றார் மனைவி. "இவர் உள்ளுக்குப் போனா நான் என்ன செய்யிறது?"

கணினியை அவர்கள் பக்கம் திருப்பி அந்த வட்டத்தைக் காட்டினேன். அண்ணை கிட்ட வந்துகூடப் பார்க்கவில்லை.

"உது அடைச்ச ஓட்டை. வாங்கின அண்டைக்கே கண்டனான். ஓட்டை அடைக்கிறதுதானே என்ரை தொழில்," என்றார். "உங்களிட்டைக் கேப்பம் எண்டுதான் போனை எடுத்தனான். பிறகு, இவ்வளவு படிச்ச பிள்ளை எழுதித் தந்திருக்கு, எனக்கென்ன தெரியும் எண்டு வைச்சிட்டன்."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.