மொதக் கயிறு

ஐந்து சத்தம் கேட்டது. ஆறாவது கேட்டதா, இல்லையா? பால்துரைக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

"ஆறு குழிதானே வச்சோம்?"

"ஆறுதான்," என்றான் கொம்பையா. "நடுவுல ஒண்ணு ரெட்டையாக் கேட்ட மாதிரி இருந்துச்சே, அண்ணாச்சி."

இடைசெவலுக்கு மேற்கே, சம்சாரி ஒருவர் உழுது விதைக்கும் காட்டில் கிணறு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கரிசல் மண், கீழே பாறை. பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலேறி ஓட வேண்டும். பால்துரை சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்த முதல் கிணறு அது.

அதற்கு முன்னால் சௌந்தரபாண்டியனிடம் கூலிக்கு வெடி வைத்தவன். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெடித்து அடங்கியதும் முதலில் கயிற்றைப் பிடித்து இறங்குகிறவர் காண்ட்ராக்ட் எடுத்தவர்தான். எல்லாக் குழியும் வெடித்ததா என்று பார்த்து, "வாங்கடே" என்று அவர் குரல் கொடுத்த பிறகே ஆட்கள் இறங்குவார்கள். அதுவரை மேலே உட்கார்ந்து பீடி குடிக்கலாம். அந்தப் பீடியை எவ்வளவு நிம்மதியாக இழுத்திருக்கிறான்! "மாப்பிள்ள கணக்கா எறங்குதாவ பாரு" என்று கேலிகூடச் செய்திருக்கிறான். சௌந்தரபாண்டியனின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அது ஏன் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

விலகப்போவதாகச் சொன்ன அன்று அவர் கோபப்படவில்லை. அந்தக் கையால் மீசையைத் தடவிக்கொண்டு, "போலே, நல்லா இரு. இனிமே மொதக் கயிறு ஒனக்கு" என்றார். பெருமையாக வீட்டில் போய்ச் சொன்னான். மனைவி மேரிராணி சிரிக்கவில்லை.

"அவிய வாழ்த்துனாவளா, எச்சரிச்சாவளா?" என்று கேட்டாள்.

இப்போது மேற்கே மழை கட்டி நின்றது. சந்தேகம் இருந்தால் கிணற்றை ஒரு ராத்திரி சும்மா போடுவதுதான் முறை. ஆனால் மழை விழுந்தால் கரிசல் இளகிச் சரியும். உடைந்த கல்லை இன்றே மேலேற்றி மண்ணுக்கு அணை கட்டாவிட்டால், இதுவரை வெட்டியதெல்லாம் மூடிப்போகும். மூடினால் திரும்ப வெட்டித் தர வேண்டியது காண்ட்ராக்ட் எடுத்தவன் பொறுப்பு. கூலிக்கு இருந்த காலத்தில் மேகத்தைப் பார்த்தால் சந்தோஷம்தான். நாளைக்கு வேலை கிடையாது.

காட்டுக்காரர் வரப்பில் நின்று சத்தம் போட்டார். "என்ன காண்ட்ராக்டரே, வேடிக்கையா பாக்கீரு? சௌந்தரபாண்டியன்னா இந்நேரம் பாதிக் கல்ல ஏத்தியிருப்பாரு."

சுடலைமாடன் இடுப்புத் துண்டை இறுக்கினான். போன மாசம்தான் கல்யாணமான பயல். "நான் எறங்கிப் பாக்கட்டா மொதலாளி?"

மொதலாளி. பால்துரையை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இனித்தது. தலையை ஆட்டினால் போதும், அவன் இறங்கிவிடுவான். வேண்டாம் என்று சொல்ல நாக்கு ஏன் இவ்வளவு தாமதிக்கிறது?

"ஒன் சோலியப் பாருலே" என்று கயிற்றைப் பிடித்தான்.

கீழே மருந்து நெடி அடங்கவில்லை. பொறி பறக்குமோ என்று கடப்பாரையைத் தொடப் பயந்து, கல்லைக் கையாலேயே விலக்கினான். வடக்கு மூலையில் எலிவால் போல ஒரு துண்டுத் திரி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எதுவரை எரிந்திருக்கிறதோ, தெரியாது.

"ஒரு கொடம் தண்ணிய எறக்கிட்டு எல்லாரும் தள்ளிப் போங்கடே!"

தண்ணீர் குழிக்குள் இறங்கியது. கர்த்தரே என்ற சொல்கூட வாயில் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. பிறகு ஒன்றும் இல்லை.

மேலே வந்து உட்கார்ந்தான். கொம்பையா நீட்டிய பீடியைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டான்.

"நீங்க வாங்கடேன்னு சொல்லலியே மொதலாளி," என்றான் சுடலைமாடன். "எறங்கலாமா?"

எல்லாரும் பால்துரையின் வாயையே பார்த்தார்கள். தான் இறங்குவதுதான் பெரிய காரியம் என்று அவன் நினைத்திருந்தான். நனைந்த மருந்தை நம்பி இன்னொருவனை இறங்கச் சொல்வது அதைவிடப் பெரிதாக இருந்தது.

"இன்னைக்கு வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

பீடியை இழுத்துக்கொண்டு, மழையைப் பற்றிச் சிரித்துப் பேசியபடி போனார்கள். காட்டுக்காரரும் காறித் துப்பிவிட்டுப் போனார். முதல் தூறல் விழுந்தது. பால்துரை கிணற்றோரம் தனியாக நின்றான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு மண்கட்டி விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.