கண்ணாடித் தொட்டியில் ஏறிய உப்பு

பிள்ளைகளா, கடலே இல்லாத நம் பக்கத்தில் ஒரு கோடை முழுக்க நான் கடல் தண்ணீரைக் காவல் காத்தேன் என்றால் சிரிப்பீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம், நீங்கள் பிறக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டில் பால் சொசைட்டியில் எனக்கு வேலை. காலையும் மாலையும் ஊர்ப் பாலில் லாக்டோமீட்டரை மிதக்க விட்டுப் பார்ப்பேன். அது எண் போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். பால் கெட்டியாக இருந்தால் உயர்ந்து மிதக்கும். தண்ணீர் சேர்ந்தால் அமிழும்.

சொசைட்டிக்கு அடுத்த வீட்டுப் பாய் சவுதியில் வேலை பார்த்தவர். அங்கே யார் வீட்டிலோ பார்த்த ஆசையில், லீவில் வந்தபோது ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தார். தொண்டிக் கடற்கரையிலிருந்து கருவாட்டு லாரியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வந்தது. கூடவே பவளப்பாறைக் கல், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன், பூப்போல விரியும் ஒரு கடல் உயிர். அந்தப் பூவுக்குள்தான் மீன்கள் படுக்கும். விளையாட்டாக லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து.

“பாலா இருந்தா திருப்பி அனுப்பிருவேன் பாய். தண்ணி கலந்த ரீடிங்.”

“கடல்ல எவன்யா போய் தண்ணி கலந்தான்?” என்று சிரித்தார். சவுதிக்குத் திரும்பும்போது என்னிடமும் தன் மனைவியிடமும் சொல்லிவிட்டுப் போனார்: “மட்டம் கொறைஞ்சா கேன்லேருந்து ஊத்துங்க. கெணத்துத் தண்ணி ஒரு சொட்டு கூடாது.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. தண்ணீர் கலப்பவர்களைப் பிடிப்பதுதானே என் பிழைப்பு.

கத்தரி வெயில் வந்தது. தொட்டியில் மட்டம் இறங்க இறங்க, பாயின் மனைவி கேனிலிருந்து ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

“தம்பி, செத்த வந்து பாருங்க. பூ சுருங்கிப் போச்சு. மீனு வாயத் தொறந்து தொறந்து மூடுது.”

போய்ப் பார்த்தேன். பூ, மூடிய கைபோல இறுகிக் கிடந்தது. மீன்கள் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின.

“மவுத்தாயிருமா தம்பி, செத்துப் போயிருமா? பெருநாளைக்கு அவங்க வர்றாங்க. அவங்க போனப்புறம் இந்த வூட்டுல எங்கூட மூச்சு வுடுறது இது ரெண்டுந்தான்.”

லாக்டோமீட்டரை விட்டேன். முப்பத்திரண்டு. நல்ல எருமைப் பாலுக்கு வரும் ரீடிங். சொசைட்டியில் அதைக் கண்டால் மனசு குளிரும். அன்று நம்பாமல் மறுபடி விட்டுப் பார்த்தேன். பாலில் தண்ணீர் கலக்கும் கில்லாடிகள் ரீடிங்கை ஏற்ற உப்பைப் போடுவார்கள். அப்படியானால் இங்கே உப்பு போட்டது யார்?

“அல்லா மேல ஆணை தம்பி, நான் ஒரு கல்லு போடல.”

அப்போதுதான் தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். உப்பளத்து வரப்புபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. வெயில் குடித்தது தண்ணீரை மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதன்மேல் நாங்கள் மறுபடி மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறோம்.

இனி நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். எந்தத் தண்ணீர்? நம் பக்கக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்திலேயே சுண்ணாம்பாகப் படியும். பெரம்பலூர் பேட்டரிக் கடையில் எந்த உப்பும் இல்லாத டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும் என்று நினைவு வந்தது. கேனோடு புறப்பட்டபோது உங்கள் அம்மா வாசலில் நின்றாள்.

“ஊரான் பால்ல தண்ணியக் கண்டுபுடிக்கிறவரு, தண்ணி கலக்கக் கேனத் தூக்கிட்டீங்களா? யாராச்சும் பாத்தா வேலை போயிரும் பாத்துக்கங்க.”

கடையில் ஆசிட் கேனும் தண்ணீர்க் கேனும் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து இருந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் அதுவே மண்டையைக் குடைந்தது. கடைக்காரர் மாற்றி ஊற்றியிருந்தால்? அக்கா வீட்டில் முதல் வேலையாக அந்தத் தண்ணீரில் லாக்டோமீட்டரை விட்டேன். அடியில் போய்த் தட்டியது. தண்ணீரைவிடக் கனமான ஆசிட்டாக இருந்தால் மேலே தூக்கி எறிந்திருக்கும்.

தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துவிட்டு இதில் ஒரு டம்ளர் ஊற்றவேண்டும். மொத்தமாக ஊற்றினால் அந்த மாற்றமே மீனைக் கொன்றுவிடுமோ என்ற பயம். டம்ளரை நூல் நூலாகச் சாய்த்தேன். பாலில் எத்தனை பேர் இப்படி ஊற்றினார்களோ, அவர்களில் ஒருவரும் இவ்வளவு பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்க மாட்டார்கள்.

“பாத்து தம்பி, பாத்து. எனக்கு நெஞ்சு படபடங்குது.”

“எனக்கு மட்டும் என்னக்கா?”

அன்று கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று ரீடிங்கை இறக்கினோம். ஒவ்வொரு மத்தியானமும் மல்லாந்து கிடக்கும் மீனைப் பார்க்கத் தயாராகத்தான் அந்த வாசலை மிதிப்பேன். நடுவில் ஒருநாள் ஒரு மீனைக் காணவில்லை. அக்கா அழுதே விட்டார். கல்லுக்குப் பின்னால் ஒண்டியிருந்தது. உயிர் இருந்தது, அவ்வளவுதான்.

இருபத்தாறுக்கு வந்த மறுநாள் பூ பாதி விரிந்திருந்தது. மீன் இரண்டும் அதற்குள் இருந்தன. “அல்ஹம்துலில்லா” என்று அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். இனி மட்டம் குறைந்தால் பேட்டரித் தண்ணீர்தான் என்று, கடல் தண்ணீர்க் கேனோடு மாறிவிடாதபடி அந்தக் கேனில் கரியால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

சொசைட்டிக்குத் திரும்பினேன். மாலைப் பால் வர இன்னும் நேரமிருந்தது, யாரும் இல்லை. ஊர்ப் பாலில் என் கையாலேயே உப்பு சேர்ந்துவிடக் கூடாதே என்று லாக்டோமீட்டரைச் சுடுதண்ணீரில் கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அதை மேலிருந்து கீழ்வரை நாக்கால் தடவி, எங்கேயாவது உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தேன்.