சுப்புலட்சுமியின் ஆடிச்சுற்று

எங்கள் அக்கா சுப்புலட்சுமி சங்கரன்கோவிலில் ஜாக்கெட் தைப்பவள். அவளுக்கு மையஸ்தீனியா என்றொரு வியாதி. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல், நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் போய் அடிக்கிறதாம். டாக்டர் இதை விளக்கியதும் அக்கா, "நம்ம சொந்தக்காரங்க மாதிரில்லா இருக்கு" என்று என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய ஒரே தம்பி, கணேசன்.

களைப்பு வந்தால் முதலில் இடது இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கும். பிறகு பேச்சு மூக்கால் வரும், கால் துவளும். நடப்பது நல்லதுதான், ஆனால் களைக்கும் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும் என்பது டாக்டர் கட்டளை.

போன ஆடியில் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாளே, அடுத்த ஆடித் தபசுக்குக் கோயிலை நூற்றொரு தடவை சுற்றுவதாக நேர்ந்துகொண்டாள். ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனின் கால்வலியை, சுற்றுகிறவர்கள் வாங்கிக்கொள்வதாக ஊர் நம்பிக்கை. உன் வலியை வாங்கவே ஆளைக் காணோம், நீ அடுத்தவள் வலியை வாங்கப் போறியா என்று கத்தினேன். கேட்டால்தானே! கொடியேறியதிலிருந்து தினமும் அவள் முன்னால் நடக்க, பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். என் மானம் கப்பலேறியது.

தபசு நாள் காலையில் எட்டுச் சுற்று பாக்கி. சாயங்காலம் அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுப்பதற்குள் முடிக்காவிட்டால் நேர்ச்சை போச்சு. அன்றைக்கென்று சரியான கூட்டம். ஐந்து சுற்று முடிந்தபோது நெரிசலில் அவளைத் தவறவிட்டேன். தேடிப் பிடிப்பதற்குள் இமை இறங்கிவிட்டது. ஸ்டூலில் உட்காரவைத்து மாத்திரை கொடுத்தேன். இறங்கிய இமைக்குக் கீழ்வழியாகப் பார்ப்பதற்காக அண்ணாந்து, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு இருந்தாள்.

கரிவலம்வந்தநல்லூர்க்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, அம்மன் இறங்கிவிட்டாள் என்று அக்கா காலில் விழுந்தாள். அவ்வளவுதான், பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது. வியாதிங்க, வியாதிங்க என்று தொண்டை கிழியச் சொன்னேன். சாமி குத்தம் ஆகிவிடும் என்று என்னைத்தான் வைதார்கள். அக்காவுக்கோ நாக்கு புரளவில்லை. இன்னும் மூன்று சுற்று பாக்கி என்று என்னிடம் மூன்று விரலைக் காட்டினாள். மழை எப்போது வரும் என்று கேட்டு நின்ற இளையரசனேந்தல் விவசாயி, மூன்றே நாளில் மழை என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அரை மணி கழித்து இமை ஏறியது, பேச்சும் வந்தது.

"தாயி, நான் அம்மன் இல்ல. ஜாக்கெட் தைக்கவ. எனக்கு உக்காந்து உக்காந்துதான் நடக்க முடியும். வழி விடுங்க."

வழி விட்டார்கள். ஆனால் கலைந்து போகவில்லை, பின்னாலேயே வந்தார்கள். அக்கா உட்கார்ந்தால் நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள், எழுந்தால் எழுந்தார்கள். கரிவலத்துக்காரி தன் முழங்காலை நீவிக்கொண்டே, இத்தனை வருஷமாகச் சுற்றுகிறேன், நடுவில் உட்காரலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று என்னிடம் குறைப்பட்டாள்.

நூற்றொன்றாவது சுற்றை அக்கா சுவரைக்கூடப் பிடிக்காமல் முடித்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"போன தபசன்னிக்கு மூக்குல டியூப் போட்டுக் கஞ்சி ஊத்துனாங்க. இப்பம் பாருலே" என்றாள்.

அவளை வைவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்று, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.